இரண்டு அரைமுடிச்சு

ஆகஸ்ட் 2, 1937, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிற ஆசாமி இல்லை நான். என்னைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பத்து சென்ட் கொடுத்தால் அந்தச் சாகசப் பத்திரிகை வாராவாரம் கடையில் கிடைக்கும். போன வார அட்டையில் கேப்டன் ஹார்லன் பிரைஸ் (நான்தான்) ஒரு கையால் முதலையின் வாயைப் பிளந்துகொண்டு, மறு கையால் ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தான். நிஜத்தில் அது உடும்பு. அதுவும் நான் போவதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. பெண் யாரும் கிடையாது.

இந்த நோட்டை இன்று மத்தியானம் என் மனைவி டீலியா கொடுத்தாள். தபால் படகிலிருந்து இறங்கி, தீவின் இந்தக் கோடி வீட்டுக்கு மூட்டைகளைத் தூக்கி வந்து வைத்த கையோடு, என் துப்பாக்கி, பைனாகுலர், மடக்குக்கத்தி மூன்றையும் வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

“கை அரிச்சா இதுல எழுது. எவ்வளவு வேணா எழுது. எழுதறதோட நிக்கணும், அவ்வளவுதான்.”

எட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஏழு விடுமுறை. ஏழும் நாசம். தேனிலவுக்கு நயாகரா போனோம், பக்கத்து அறைக்காரர் மூன்றாம் நாள் பீப்பாய்க்குள் கிடைத்தார். ஹவானாவில் கப்பல் கடத்தல். கெய்ரோவில் மம்மிப் பெட்டிக்குள் உயிரோடு ஒரு ஆள். நானா கூப்பிட்டேன்? அதுவாக வருகிறது. ஒவ்வொரு தடவையும் நான் ஓடினேன், டீலியா ஓட்டல் வராந்தாவில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புக் கம்பளியில் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பாதுகாப்புக்காகத்தான் விட்டுவிட்டுப் போனேன். அதில் என்ன தப்பு?

அவள் கைப்பையில் வுஸ்டருக்கு ஒரு ரயில் டிக்கெட் இருக்கிறது. ஒன்றே ஒன்று. போக மட்டும். அவள் அக்கா ஹெஸ்டர் அங்கேதான் இருக்கிறாள்.

“இது எட்டாவது, ஹார்லன். இதுவும் அப்படியே ஆச்சுன்னா நான் அக்காகிட்டப் போயிடுவேன். சண்டை போட மாட்டேன். அழ மாட்டேன். போயிடுவேன்.”

அழுதால் எப்படியாவது சமாளித்துவிடுவேன். அழ மாட்டேன் என்றால் நான் என்ன செய்ய?

பதினான்காம் தேதி சனிக்கிழமைப் படகில் ஊர் திரும்புகிறோம். அதுவரை இங்கே என்ன நடந்துவிடப்போகிறது? இருபத்தாறு வீடு, ஒரு சர்ச், ஒரு கடை, சுற்றிலும் கடல். சிங்கி இறால் பிடிப்பதைத் தவிர யாருக்கும் வேறு வேலை கிடையாது.

ஆகஸ்ட் 3

ஒன்றும் நடக்கவில்லை. சிங்கி இறால் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 4

ஒன்றும் நடக்கவில்லை. சிங்கி இறால். கடற்காக்கைகளை எண்ணினேன், நூற்றுப் பதினொன்று. அதில் ஒன்றின் நடத்தை சந்தேகமாக இருந்தது.

மேலே உள்ள வரியை டீலியா பார்க்காமல் இருக்க வேண்டும்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். தீவின் கடையும் தபால் ஆபீசும் லெட்டி தர்லோ என்ற அம்மாளுடையது. எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டதும் அவளும் அவள் புருஷன் ஹைரமும்தான். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு கல்லாவுக்குக் கீழேயிருந்து என் பத்திரிகையை எடுத்து அட்டையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

“படத்துல இன்னும் ஒரு அடி உசரமா இருக்கீங்களே, கேப்டன்?”

“படத்துல முட்டி வலி கிடையாதும்மா” என்றேன்.

ஆகஸ்ட் 5, வியாழன்

இதை எழுதிவிடுகிறேன். எழுதலாம் என்று அனுமதி இருக்கிறது.

வீட்டுக்குக் கீழே உள்ள குடாவில் மிதவைக் கட்டைகள் மிதக்கின்றன. ஒவ்வொரு மிதவைக்கும் கீழே கயிறு, கயிற்றின் அடியில் கடல் தரையில் ஒரு மரக்கூண்டு. அதில்தான் சிங்கி விழும். ஒவ்வொரு மீனவனுக்கும் ஒரு வர்ணம். ஹைரமுடையது பச்சை, நடுவில் சிவப்பு வளையம். குடா முழுக்கப் பச்சைதான். அதற்கு நடுவே எட்டு மிதவை மட்டும் மஞ்சள், தலை கறுப்பு. அவை பெல்லமி என்பவருடையவை. வசந்தத்தில் கரையிலுள்ள நகரத்திலிருந்து வந்தவராம். நுரையீரலுக்குக் கடல் காற்று நல்லது என்று டாக்டர் சொன்னாராம். குடாவின் எதிர்க் கரையில் பழைய மீன் கொட்டகையில் இருக்கிறார்.

விஷயம் இதுதான்: மஞ்சள் மிதவைகளின் கைப்பிடியில், அதனதன் கயிற்றாலேயே இரண்டு முடிச்சு போடப்பட்டிருக்கிறது. இரண்டு அரைமுடிச்சு. பச்சையில் ஒன்றில்கூட இல்லை. நேற்று மூன்று மஞ்சளில் இருந்தது, இன்று ஐந்தில்.

ரகசியக் குறி. வேறென்ன? கடலில் போகிற எவனுக்கோ இங்கிருந்து எவனோ சேதி சொல்கிறான்.

இல்லை. நான் விடுமுறையில் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

எட்டிலும் முடிச்சு விழுந்துவிட்டது. எட்டிலும்!

ராத்திரிச் சாப்பாட்டில் டீலியா கேட்டாள், “என்ன யோசனை?”

“பூக்கள் பத்தி.”

“என்ன பூ?”

எனக்கு ஒரு பூவின் பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. “சிவப்பா இருக்குமே” என்றேன். அவள் கம்பளியைப் பார்த்துக்கொண்டே பின்னினாள்.

ஆகஸ்ட் 7, சனி

எல்லாம் போச்சு.

விடிந்ததும் ஹைரமின் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போனேன். இது சாகசம் இல்லை, ஆராய்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மஞ்சள் மிதவையைப் பிடித்துக் கூண்டை மேலே இழுத்தேன். சேதி ஏதாவது இருக்கும் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். சிங்கி இல்லை. தார் பூசிய கோணியில் சுற்றிய ஒரு பாரம் மட்டும் அடியில் கட்டியிருந்தது. அதைத் தொடப்போன நேரத்தில் தண்ணீர் மேல் ஒரு கத்தல் வந்தது பாருங்கள், பறவைகளெல்லாம் எழும்பிவிட்டன.

“கையை எடுய்யா கூண்டுலேருந்து!”

ஹைரம் தர்லோ. அவர் ஒரே நேரத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. இன்று பேசினார். துறை மேடையில் என்னை நிற்க வைத்து, ஊரே கேட்கும்படி பேசினார்.

“இந்தத் தீவுல ஒருத்தன் பொண்டாட்டியோட இன்னொருத்தன் ஓடிப்போயிருக்கான். மன்னிச்சோம். சர்ச்சுக்கு ஒருத்தன் குடிச்சுட்டு வந்து பாதிரியார் தொப்பியில வாந்தி எடுத்தான். மன்னிச்சோம். அடுத்தவன் கூண்டை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் தொட்டதில்ல!”

“அந்த முடிச்சுங்க... ரகசியக் குறின்னு நினைச்சேன்” என்றேன்.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆரம்பித்தது சிரிப்பு. லெட்டி ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் புரிய வைத்தாள்.

“அது ஹைரம் போட்ட முடிச்சு, கேப்டன். அந்த பெல்லமி இவர் இடத்துல வந்து கூண்டு போட்டிருக்கான்ல? வாயால சண்டை போட மாட்டாங்க இங்க. மிதவையில ரெண்டு அரைமுடிச்சு போட்டுட்டு வந்துடுவாங்க. இது என் இடம், எடுத்துட்டுப் போன்னு அர்த்தம். எடுக்கலேன்னா அடுத்தது...” கத்தியால் அறுக்கிற மாதிரி விரலை இழுத்துக் காட்டினாள்.

பெல்லமியும் அங்கே நின்றிருந்தார். வெள்ளைக் காலர், மெல்லிய மீசை. “பரவாயில்ல விடுங்க, பாவம், பத்திரிகையில வர்றவர்” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

தண்டனை: தினம் காலையில் ஹைரம் கொட்டகையில் இரைப் பைகள் நிரப்ப வேண்டும். உப்பில் ஊறி அழுகின ஹெர்ரிங் மீன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வாடகை வீட்டுப் பூனை வெளியே ஓடிவிட்டது.

டீலியா கத்தவில்லை. “செவ்வாய்க்கிழமை தபால் படகு வருது” என்றாள். அவ்வளவுதான். கத்தித் தொலைச்சிருக்கலாமே!

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காலையில் சவரம் செய்யப் போனேன். என் சவரப் பிரஷ்ஷின் கைப்பிடியில் சிவப்புக் கம்பளி. இரண்டு அரைமுடிச்சு.

அடுத்தது அறுப்பு.

சத்தியமாக இனி ஒன்றும் செய்ய மாட்டேன். சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பெல்லமி இருந்த பக்கம் திரும்பாமலே கழுத்து வலி கண்டது. ஆனால் இதையாவது எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் வெடித்துவிடுவேன்:

ஒன்று. முடிச்சு விழுந்து நாலு நாள் ஆகிறது. எந்த மீனவனாக இருந்தாலும் கூண்டை எடுத்திருப்பான், அல்லது ஹைரமின் மூக்கில் குத்தியிருப்பான். பெல்லமி ஒன்றும் செய்யவில்லை. அந்த முடிச்சுக்கு அர்த்தம் என்னவென்றே நேற்று வரை அவருக்குத் தெரியாது. நேற்று லெட்டி சொன்னபோதும் அவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டார்.

இரண்டு. நான் இழுத்த கூண்டில் இரையே இல்லை. இரைப் பை கட்டும் கொக்கி காலியாக, துருப்பிடித்து இருந்தது. இரண்டு நாளாக இரைப் பை நிரப்புகிறவன் சொல்கிறேன்: இரை இல்லாமல் எவனாவது கூண்டு போடுவானா?

மூன்று. எல்லாரும் கூண்டுக்குப் பாரமாகக் கல்லை வைக்கிறார்கள். எவன் கல்லுக்குத் தார்க் கோணி சுற்றுகிறான்?

எழுதியாகிவிட்டது. அரிப்பு தீரவில்லை.

ஆகஸ்ட் 9

காலையில் நோட்டைத் திறந்தால் நேற்றைய பக்கத்தில் ஒரு சிவப்புக் கம்பளி இழை. நான் வைக்கவில்லை.

காலை உணவில் டீலியா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் கேட்டாள். “இரை இல்லாத கூண்டா?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“நானும் ஒண்ணும் கேக்கல.”

சாப்பிட்டு முடித்தோம். பிறகு அவள் கம்பளி வாங்கப் போகிறேன் என்று கடைக்குக் கிளம்பினாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கம்பளி இல்லாமல் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

“பெல்லமி இந்த நாலு மாசத்துல வியாபாரி படகுக்கு ஒரு சிங்கிகூட விக்கலையாம். லெட்டி சொன்னா. சும்மா பொம்பளைங்க பேச்சு. உனக்கு எதுக்கு?”

“எனக்கு எதுக்கு” என்றேன் நானும்.

எட்டு வருஷத்தில் அவளை இப்படிப் பார்த்ததில்லை. வராந்தாவில் நடக்கிறாள், உட்காருகிறாள், மறுபடி நடக்கிறாள். இவளுக்கு என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 10, செவ்வாய்

பத்து மணிக்குத் தபால் படகு வந்தது. நான் இரை நாற்றத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து, அவள் டிரங்குப் பெட்டியை எடுக்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். படகு ஊதியது. மறுபடி ஊதியது. போய்விட்டது. டீலியா சமையலறையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், நாற்றத்தில் கிட்டே வராதே என்றாள்.

மத்தியானம் பெல்லமியே வந்துவிட்டார். கையில் ஊறுகாய்ப் பாட்டில். வராந்தாவில் உட்கார்ந்து என் பத்திரிகைகளைப் பற்றிப் பேசினார். போகிற போக்கில் கேட்டார், “அன்னிக்குக் கூண்டுல ஏதாவது இருந்துச்சா, கேப்டன்? நான் அப்புறம் பாக்கவே இல்ல.”

சத்தியம் செய்திருக்கிறேன். விசாரிக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். பொய் சொல்ல மாட்டேன் என்று இல்லை. “நாலு சிங்கி. நல்ல பெருசு” என்றேன்.

“ஆமா, அந்த இடம் எப்பவும் அப்படித்தான். நாலஞ்சு விழும்” என்றார்.

இரை இல்லாத கூண்டில்!

அவர் போனதும் டீலியா ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டி முகர்ந்தாள். “ஹார்லன், அந்த ஆள்கிட்ட நாத்தமே இல்ல.”

“என்னது?”

“நாத்தம்! ஹைரம் தெருமுனையில வந்தா இங்க தெரியுது. நீ ஒரே நாள்ல பூனையை விரட்டிட்ட. இவரு நாலு மாசமா மீன் பிடிக்கிறாராம், லாவண்டர் சோப்பு வாசனை வருது!”

நான் வாயைத் திறந்தேன். அவள் விரலை நீட்டினாள்.

“நீ பேசாத. நீ விடுமுறையில இருக்க.”

ஆகஸ்ட் 11, புதன். காலை 9.30

மூடுபனி. வேலி தெரியவில்லை. டீலியா கம்பளி வாங்கப் போயிருக்கிறாள். போகும்போது சொன்னது: “நீ இந்த வராந்தாவை விட்டு நகரக் கூடாது. நகர்ந்த, அவ்வளவுதான்.”

10.15

கடை பத்து நிமிஷ நடை.

10.40

மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் நாற்காலி. அவளுடைய பின்னலை எடுத்துப் பார்த்தேன். இது என்ன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஸ்வெட்டர் என்று நினைத்திருந்தேன். ஸ்வெட்டர் இல்லை. ஒரே பட்டையாக நீளமாகப் போகிறது, முடிவே இல்லாமல். வராந்தாவில் விரித்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வரும். அங்கங்கே கறுப்பு நூலில் சின்னதாக எழுத்து. நயாகரா. ஹவானா. கெய்ரோ. கெய்ரோதான் ரொம்ப நீளம். ஒன்பது நாள் அது.

11.05

எங்கே போனா இவ? லெட்டிகிட்டப் பேச்சுன்னா கூட இவ்வளவு நேரமா?

11.20

பெல்லமி கொட்டகைக்குத்தான் போயிருக்கா. அந்த நாத்தம்! இரைப் பீப்பாய் இருக்கான்னு பாக்கப் போயிருக்கா. மடையன் நான், மடையன். இங்க உக்காந்து மணி எழுதிட்டிருக்கேன். ஒன்பது நாள் எப்படி உக்காந்தா? எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கே உயிர் போகுதே — ஒன்பது நாள் —

போகிறேன். டிக்கெட்டை எடுத்துக்கிட்டுப் போகட்டும். அவ உசுரோட வுஸ்டர்ல இருந்தா போதும்.

ஆகஸ்ட் 12, வியாழன்

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

மூடுபனியில் பாறைகளைக் கையால் தடவிக்கொண்டே குடாவைச் சுற்றிப் போனேன். முட்டியை இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். பெல்லமியின் கொட்டகைக் கதவுக் கைப்பிடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கம்பளி. இரண்டு அரைமுடிச்சு. உள்ளே போகுமுன் எனக்காகக் கட்டி வைத்திருக்கிறாள். வருவேன் என்று தெரிந்திருக்கிறது.

கதவைத் தோளால் மோதித் திறந்தேன். அட்டைப்படத்தில் இப்படி மோதினால் கதவு தூள் தூளாகும். இது தாழ் போடாத கதவு. நான் நேராக உள்ளே போய்க் குப்புற விழுந்தேன்.

“உன்னை வராந்தாவுல இருக்கச் சொன்னேனா இல்லையா?” என்றது டீலியாவின் குரல்.

அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெல்லமி, கையில் துப்பாக்கி. இரைப் பீப்பாய் ஒன்றும் இல்லை. மேஜையில் பழைய செய்தித்தாள்கள். எல்லாவற்றிலும் கடற்கரைப் பங்களாக்களில் நகைத் திருட்டுச் செய்தி, நாலு மாதமாகப் போலீஸ் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிற சமாசாரம். கூண்டுகளில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தீவில் அடுத்தவன் கூண்டை யாரும் தொட மாட்டார்கள். இதைவிடப் பத்திரமான பெட்டகம் உலகத்திலேயே கிடையாது. அதைத் தொடக்கூடிய ஒரே மடையன் விடுமுறைக்கு வந்து சேர்ந்தது அந்த ஆளின் துரதிர்ஷ்டம்.

“ரெண்டு பேரும் படகுல ஏறுங்க” என்றார் பெல்லமி. “எட்டுக் கூண்டையும் நீ இழுக்கணும், கேப்டன். எனக்குக் கையெல்லாம் கொப்புளம். முடிஞ்சதும் வெளியே ஒரு பாறையில இறக்கி விட்டுடறேன். நல்ல பாறை.”

“அலை ஏறினா முழுகிப் போற பாறையா?” என்றாள் டீலியா.

“ஆறு மணி நேரம் நல்லா இருக்கும்” என்றார் அவர்.

மோட்டார் படகில் ஏறினோம். நான் முன்னால், டீலியா நடுவில், துப்பாக்கி பின்னால். காற்றே இல்லை. பனிக்குள் மிதவைகள் அசையாமல் நின்றன. முதல் மஞ்சளைப் பிடித்தேன். கூண்டு கனக்குமே என்று முட்டியை ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கயிறு சர்ரென்று வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். என் கையில் மிதவை, ஒரு முழக் கயிறு. கயிற்றின் முனை சுத்தமாக அறுபட்டிருந்தது.

பெல்லமி முறைத்தார். “அடுத்தது!”

அடுத்ததும் அப்படியே. மூன்றாவது. நாலாவது. படகுக்குள் மஞ்சள் கட்டைகள் உருண்டன. ஐந்தாவதை அவரே தாவிப் பிடுங்கினார். ஒரு முழக் கயிறு. அந்த முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“யாருடா இது பண்ணது? எவன்டா அறுத்தது?”

அப்போது டீலியா சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தாங்காமல் விட்டாள். “முடிச்சுப் போட்டு ஒரு வாரமா சொன்னாங்களே ஐயா! ஊரே மேடையில நின்னு விளக்கிச்சே! கேக்கலியா நீங்க?” கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். துப்பாக்கி முனையில் ஒருத்தி இப்படிச் சிரிப்பதை நான் பார்த்ததில்லை. எனக்கும் பற்றிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் மஞ்சள் கட்டைகளுக்கு நடுவே உருண்டு சிரித்தோம். பெல்லமி கூச்சலிட்டார். பத்து லட்சம் டாலர் கடலுக்கு அடியில் எந்தப் பாறை இடுக்கில் இருக்கிறது என்று இனி அவருக்கே தெரியாது.

அவர் ஆறாவது மிதவைக்காகப் படகின் விளிம்புக்கு மேல் எட்டிக் குனிந்தார். டீலியா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். சிரிப்பு வாயில்தான் இருந்தது, கண்ணில் இல்லை. அவள் பார்வை என் முட்டிக்குப் போயிற்று, பிறகு பெல்லமி குனிந்திருந்த பக்கத்துக்கு.

எட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவனுக்கு அது போதும். நான் என் முழு எடையோடு அந்தப் பக்கம் சாய்ந்தேன். படகு கவிழ்கிற மாதிரி ஆடிற்று. பெல்லமி தலைகுப்புறத் தண்ணீரில் போனார், துப்பாக்கியும் அவருக்கு முன்னால் போயிற்று. ஆனால் முழுசாகப் போகவில்லை. ஒரு கால் படகுக்குள்ளேயே நின்றுவிட்டது. பார்த்தால் கணுக்காலில் ஒரு கயிறு, கயிற்றின் மறு முனை படகின் முளையில்.

இரண்டு அரைமுடிச்சு. அந்த ஆள் எட்டிக் குனிந்த நேரத்தில் போட்டிருக்கிறாள்!

“லெட்டி சொல்லிக் குடுத்தா” என்றாள். “நல்லா பிடிக்குதுல்ல?”

இந்தக் கடலில் ஆகஸ்டிலும் பனிக்கட்டித் தண்ணீர்தான். பெல்லமி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க, ஏற்றிவிடுங்கள் என்று கெஞ்சினார். ஏற்றிக் கட்டிப்போட்டோம். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் பனிக்குள் உட்கார்ந்திருந்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

“நகராதேன்னு சொன்னேன்” என்றாள்.

“ரெண்டு மணி நேரம் உக்காந்தேன், டீலியா. செத்துட்டேன். நீ எப்படி ஒன்பது நாள்...”

அவள் கையில் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு உன் சாகசம் பிடிக்கலைன்னு நினைச்சியா நீ? ஏழு தடவை ஹார்லன். ஏழு தடவையும் தொப்பியை எடுத்துக்கிட்டு ஓடுன. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவை, வர்றியா டீலியான்னு கேட்டியா? மூட்டையோட மூட்டையா என்னை வச்சுட்டுப் போன. அதுதான் எனக்கு ஆத்தாமை.”

மன்னிச்சுடு என்றேன். அதைச் சொல்லக்கூட எனக்கு எட்டு வருஷம் ஆயிருக்கிறது. நான் ரொம்ப வெட்கப்பட்டேன்.

“அப்ப எதுக்குடி டிக்கெட்?”

“கேக்காமலே இருக்கிற ஆளோட எத்தனை நாள் இருக்கிறது?”

அந்த நேரம் பனிக்குள்ளிருந்து தகர ஊதல் கேட்டது. கூடவே நாற்றம் வந்தது. அதைவிட இனிய வாசனையை நான் முகர்ந்ததில்லை. ஹைரமின் படகு. மஞ்சள் கட்டைகளையும், கட்டிப்போட்ட ஆளையும், எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

“யாரோ இவரு கயித்தை அறுத்துட்டாங்க போலிருக்கே” என்றார். இடுப்பில் கத்தி ஈரமாக இருந்தது.

“யாரா இருக்கும்?” என்றாள் டீலியா.

“யாருக்குத் தெரியும்” என்றார் ஹைரம்.

ஆகஸ்ட் 13

ஷெரீப் வந்து பெல்லமியைக் கொண்டுபோனார். ஹைரம் அந்தக் குடாவில் ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். கொக்கி போட்டு எட்டுக் கூண்டையும் மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார். எட்டிலும் தார்க் கோணிக்குள் நகைகள். ஒரு கூண்டில், எப்படியோ, இரையே இல்லாமல், ஒரு சிங்கியும் இருந்தது. ஷெரீப் அதைச் சாட்சியம் என்றார். லெட்டி அதை வேகவைத்துவிட்டாள்.

ஹைரமிடம் போய், நான் கூண்டைத் தொட்டதை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினார்.

“இல்ல” என்றார். “நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க. இரை நிரப்பணும்.”

பத்திரிகை ஆபீசுக்குச் சேதி எட்டிவிட்டது. தந்தி வந்தது. அட்டைப்படத்துக்கு: மூர்ச்சையான மனைவியை அலைகளிலிருந்து கேப்டன் தூக்குவது போல் போடலாமா? டீலியா தந்தியைப் படித்தாள். தந்தித்தாளைச் சுருட்டி, சிவப்புக் கம்பளியில் இரண்டு அரைமுடிச்சு போட்டு, உறைக்குள் வைத்து, ஆசிரியர் பெயரை எழுதினாள். அந்த மனிதருக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்துகொள்வார்.

ஆகஸ்ட் 14, சனி

தபால் படகில் எழுதுகிறேன். கரை இன்னும் ஒரு மணி நேரம்.

காலையில் மூட்டை கட்டும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மடக்குக்கத்தியை என்னிடம் கொடுத்தாள். பைனாகுலரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். துப்பாக்கி பற்றிப் பேச்சே இல்லை, அது அவள் பையில்தான் இருக்கிறது.

படகு கிளம்பினதும் என்னைக் கையை நீட்டச் சொன்னாள். இரண்டு கையையும் நீட்டினேன். கொத்துக் கம்பளியை என் மணிக்கட்டுகளில் மாட்டினாள். உருண்டையாகச் சுற்ற ஆரம்பிக்க நடுவில் ஏதாவது வேண்டுமே. கைப்பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்து நாலாக, எட்டாக மடித்தாள். அதன்மேல் முதல் சுற்றைச் சுற்றுமுன் எனக்கு ஒரு ஓரத்தில் “வுஸ்டர்” என்று அச்சிட்டது தெரிந்தது. நான் கையை அசைக்காமல் பிடித்திருந்தேன். அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பின்பக்க மேடையில் ஒரு ஆள் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெட்டி சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. நான் பார்க்காதது போல் இருக்கிறேன். டீலியா இப்போது எழுந்து, ஊசியையும் உருண்டையையும் மூட்டைமேல் போட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“நான் போறேன். வர்றியா, ஹார்லன்?”